தேய்ந்த பவர் வீடர் இன்ஜின்: ரிங் மாற்றுவதா, ரீபோரா, புது இன்ஜினா?

பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வரிசையில் தக்காளித் தோட்டம் வைத்திருக்கிற பல வீடுகளில், முன்பு மாடு கட்டியிருந்த கொட்டகையில் இன்று களையெடுக்கவும் மண் அணைக்கவும் உதவும் பவர் வீடர் நிற்கிறது. வாங்கின முதல் இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இருக்காது. அப்புறம் ஒரு நாள் கயிறு இழுத்தால் கை வலிக்கிற வரை கிளம்பாது. கிளம்பினால் சைலன்சரில் நீலப்புகை. மண் அணைக்கும்போது திணறி நின்றுபோகும். காலையில் அளவாக ஊற்றிய ஆயில் சாயங்காலம் பார்த்தால் குச்சியின் நுனியில்தான் ஒட்டியிருக்கும்.

அந்த நிலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் மூன்று பேரிடம் மூன்று யோசனை கேட்டிருப்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், பிஸ்டனைச் சுற்றி இருக்கிற ரிங் செட்டை மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்றிருப்பார். கடைக்காரர் இன்ஜினையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டச் சொல்லியிருப்பார். இன்னொருவர், மானியத்தில் முழு வண்டியும் புதுசாகவே வாங்கிவிடலாம் என்பார். மூன்றுமே ஏதோ ஒரு இன்ஜினுக்குச் சரியான பதில்தான். உங்கள் இன்ஜினுக்கு எது என்பதை இரண்டு அளவுகள்தான் சொல்லும்: சிலிண்டர் எவ்வளவு அகன்றிருக்கிறது, பிஸ்டனின் கனெக்டிங் ராடு மாட்டுகிற கிராங்க் பின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது. புகையைப் பார்த்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. அதனால் முதலில் செலவழிக்க வேண்டிய பணம், இன்ஜினைத் திறந்து அளக்கிற கூலி. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் தேவையில்லாத செலவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

திறப்பதற்கு முன்னால்

நீலப்புகை வந்தால் ரிங் போச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் நீலப்புகை வரும். இந்த சைஸ் இன்ஜின்களுக்கு 600 மில்லி போதும். ஒரு லிட்டர் டப்பாவை முழுசாகக் கவிழ்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. வண்டியை டெம்போவில் படுக்கவைத்து ஏற்றிவந்தால், ஏர் ஃபில்டர் பக்கம் ஆயில் இறங்கி, கொஞ்ச நேரம் புகை தள்ளும். இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் அடைத்திருந்தாலும் இதே கதைதான். ஆயிலை வடித்து, அளவாக 10டபிள்யூ-30 ஊற்றி, ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே யோசிக்கலாம். புகை கருப்பாக இருந்தால் அது ஆயில் இல்லை, பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது சோக் பாதியில் நிற்கிறது.

கயிறு இழுக்கும்போது கையில் தடுக்கிற அழுத்தமே இல்லை என்றால் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஹோண்டா ஜிஎக்ஸ் 200-க்கும் அந்த வடிவத்தில் வரும் 168எஃப் வகைக்கும், இன்ஜின் ஆறியிருக்கும்போது உள்வால்வுக்கு 0.15 மி.மீ., வெளிவால்வுக்கு 0.20 மி.மீ. இருக்க வேண்டும். வால்வு இருக்கை தேயத்தேய இந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துச் சரிசெய்ய அரை மணி நேரம். இதிலேயே சரியாகிப்போன வண்டிகள் எத்தனையோ.

அமுக்கத்தைக் கேஜ் வைத்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கயிறு லேசாக இழுபட வேண்டும் என்பதற்காக, கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன அமைப்பு, மெதுவாகச் சுற்றும்போது வால்வை லேசாகத் தூக்கிப் பிடிக்கும். அதனால் நல்ல இன்ஜினிலும் கேஜ் குறைவாகத்தான் காட்டும். பைக் மெக்கானிக் அந்த அளவைப் பார்த்து ‘கம்ப்ரஷன் இல்லை’ என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். இதைவிடக் காற்று விட்டுப் பார்ப்பது மேல். பிஸ்டனை அமுக்க வீச்சின் உச்சியில் நிறுத்தி, ஃப்ளைவீலை அசையாமல் பிடித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரசர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விட வேண்டும். காற்று எங்கே சீறுகிறது என்று காது கொடுத்தால் போதும். சைலன்சரில் சீறினால் வெளிவால்வு, கார்புரேட்டரில் சீறினால் உள்வால்வு, ஆயில் குச்சி ஓட்டையில் சீறினால் ரிங்கோ சிலிண்டரோ. வால்வு பக்கம் மட்டும் சீறினால் ஹெட்டைக் கழற்றி, கிரைண்டிங் பேஸ்ட் வைத்து, வால்வை அதன் இருக்கையில் தேய்த்துப் பொருத்தி (லேப் செய்து) மாட்டினால் வேலை முடிந்தது. கீழே திறக்க வேண்டியதே இல்லை.

செம்மண் தூசி

ஆயில் குச்சி ஓட்டையில் சீறினால் திறக்கத்தான் வேண்டும். திறக்கும் முன் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். நம் பக்கத்து வண்டிகளில் பாதிக்கு விரல் சிவப்பாகத்தான் வெளியே வரும். ஃபில்டரைத் தாண்டி உள்ளே போன செம்மண் தூசி அது. அந்தத் தூசியில் இருக்கிற நுண்மணல் ஆயிலோடு சேர்ந்து, ரிங்கும் சிலிண்டரும் உரசுகிற இடத்தில் எமரித்தாள் மாதிரி வேலை செய்கிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சை அலசிக் காயவைத்து, ஆயில் தடவாமல் அப்படியே மாட்டுவதால் வருகிற வினை இது. ஆயில் தடவின ஸ்பாஞ்சுதான் தூசியைப் பிடிக்கும். இதைச் சரிசெய்யாமல் கீழே சொல்லும் எந்த வழிக்குப் போனாலும் பணம் மறுபடியும் அதே பாதையில் போகும். புது இன்ஜினுக்கும் இதே விதிதான்.

அளக்கிற விதம்

ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ரிங் போய்த் திரும்புகிற இடத்தில் ஒரு மேடு தட்டுப்பட்டால் தேய்மானம் நிஜம்.

எவ்வளவு என்று தெரிய, சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் டயல் போர் கேஜ் வேண்டும். அது கையில் இல்லையென்றாலும் ஒரு வழி இருக்கிறது. ஒரு புது ஸ்டாண்டர்டு ரிங் வாங்கி, சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதிகம் தேய்ந்த மேல்பகுதியில் நிறுத்தி, ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் ஃபீலர் கேஜைச் செருகுங்கள். ஜிஎக்ஸ் 200-இன் சிலிண்டர் புதிதில் 68.00 மி.மீ.; அதில் முனை இடைவெளி 0.2 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும். சிலிண்டரின் விட்டம் கூடினால் இடைவெளி அதைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் கூடும். 0.3 இருக்க வேண்டிய இடத்தில் 0.8 காட்டினால், கூடுதலான 0.5-ஐ 3.14-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.16 மி.மீ. ஹோண்டா சொல்கிற கடைசி எல்லை 68.165 மி.மீ. அதாவது நீங்கள் எல்லையிலேயே நிற்கிறீர்கள். புது ரிங்கை வைத்துத்தான் இப்படிப் பார்க்க வேண்டும். பழைய ரிங்கும் தேய்ந்திருப்பதால் அதை வைத்தால் கணக்கு தப்பும்.

இந்த முறையில் சிலிண்டர் நீள்வட்டமாகி இருப்பது தெரியாது. கிராங்குக்குக் குறுக்குவாட்டில்தான் பிஸ்டன் அதிகமாக அழுத்தும். அந்தப் பக்கம் மட்டும் கூடுதலாகத் தேயும். அதற்கு டயல் கேஜ் உள்ள, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குகிற ரீபோர் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஓசூரில் 1980 வாக்கிலேயே அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் வந்ததால், அளந்து வேலை செய்கிற கைகளுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி டவுனிலும் பைக்குக்கு ரீபோர் செய்கிற பட்டறைகளிடம் இந்தக் கேஜ் இருக்கும்.

அடுத்தது கிராங்க் பின். எனக்குக் கேட்டால் முடிவின் சாவி இதுதான். இந்தச் சின்ன பெட்ரோல் இன்ஜின்களில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கிற ஒரு வால் ஆயிலைச் சிலுப்பி மேலே அடிக்கும், அவ்வளவுதான். ஆயில் குறைந்தாலும், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மாதிரி மேட்டுச் சரிவில் வண்டியைச் சாய்த்தபடியே ஓட்டினாலும், அந்த வாலுக்கு ஆயில் எட்டாது. ராடு அலுமினியம், நடுவில் பேரிங் ஷெல் எதுவும் இல்லாமல் நேராகக் கிராங்க் பின்மேல் ஓடுகிறது. ஆயில் இல்லாத சில நிமிஷங்களில் அலுமினியம் பின்மேல் அப்பிக்கொள்ளும். பின்னை ஆயில் தொட்ட நைஸ் எமரியால் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டுங்கள். நகம் வழுக்கிப் போனால் தப்பித்தீர்கள். நகம் சிக்கினால், அல்லது மைக்ரோமீட்டரில் 29.92 மி.மீ.-க்குக் கீழே காட்டினால், கிராங்க் போச்சு. புதிதில் அது 29.98 மி.மீ.

ரிங் மட்டும்

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்ன யோசனை. செலவு மிகக் குறைவு, ஒரே நாளில் முடியும். ஆனால் சிலிண்டர் எல்லைக்குள் நன்றாக உள்ளே இருந்து, நீள்வட்டமாகாமல், மேட்டு விளிம்பு இல்லாமல் இருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். வேறு காரணத்தால் ரிங் பிடித்துக்கொண்ட இன்ஜின்களுக்கு, உதாரணமாக நாள்பட்ட ஆயிலில் கரி கட்டி ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டவற்றுக்கு, இது அருமையான வைத்தியம். தூசி தின்ற சிலிண்டரில் புது ரிங் போட்டால் கொஞ்ச நாள் புகை நிற்கும். நீள்வட்டத்தில் வட்ட ரிங் எல்லாப் பக்கமும் ஒட்டாது. அதே சீசனிலேயே புகை திரும்பி வரும். மேடு இருக்கிற சிலிண்டரில் புது மேல் ரிங் அந்த மேட்டில் இடித்து உடைந்துபோவதும் உண்டு. உடைந்த துண்டு பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்துக் கீறிவிடும். நம் பக்கத்தில் வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை தூசி தின்றவை என்பதால், ரிங் மட்டும் போடச் சொல்ல எனக்கு மனசு வருவது அபூர்வம்.

ரீபோர்

சிலிண்டர் தேய்ந்திருக்கிறது, கிராங்க் பின் நன்றாக இருக்கிறது என்றால் என் வாக்கு இதற்குத்தான். சிலிண்டரை 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிதாக்கி, அதே அளவு பெரிய பிஸ்டனும் ரிங்கும் போடுவது. ஜிஎக்ஸ் 200-க்கு 0.75 வரை பிஸ்டன் வருகிறது. ஆக, ஒழுங்காகப் பராமரித்தால் ஒரே பிளாக்கை மூன்று முறை மீட்கலாம். ஆனால் பிளாக்குக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருக்க வேண்டும். சில மலிவு இன்ஜின்களில் வெறும் அலுமினியம்தான் இருக்கும். காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் ரீபோர் பேச்சையே விட்டுவிடலாம்.

பட்டறைக்கு பிளாக்கை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது. முதலில் பிஸ்டனை வாங்கி, அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சந்தையில் கிடைக்கிற பிஸ்டன்கள் டப்பாவில் எழுதியிருக்கிற அளவுக்கு நூல் பிடித்த மாதிரி இருப்பதில்லை. பிஸ்டனின் பாவாடையை அளந்து, அதற்கு 0.015 முதல் 0.05 மி.மீ. வரை இடைவெளி விட்டு போர் அடிக்க வேண்டும். இன்னொன்று: 168எஃப் வகைக்கு 68 மி.மீ. பிஸ்டன், 170எஃப் வகைக்கு 70 மி.மீ. ஸ்டிக்கரில் இரண்டிலும் ‘7 எச்.பி.’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மாற்றி வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

போர் அடித்து, ஹோன் செய்து (கல்லால் தேய்த்துக் குறுக்குக் கோடு போட்டு) வந்த சிலிண்டரைக் கழுவுகிற வேலையைத்தான் நான் யாரிடமும் விடமாட்டேன். பெட்ரோலில் அலசினால் பளபளப்பாகத் தெரியும். ஆனால் ஹோனிங் கல்லின் பொடி குறுக்குக் கோடுகளுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுப் பிரஷால் தேய்க்க வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்தால் முதலில் துணி சாம்பல் நிறமாகும். வெள்ளையாகவே வருகிற வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். உடனே ஆயில் பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் அரை மணியில் துரு கட்டும். போன வருஷம் போட்ட புது பிஸ்டன் இந்த வருஷமே தேய்ந்துவிட்டது என்று வந்த வண்டிகளைத் திறந்தால், பெரும்பாலும் காரணம் ஒன்று இந்தக் கழுவாத பொடி, இல்லையென்றால் ஆயில் தடவாத ஸ்பாஞ்ச்.

இன்ஜினை மட்டும் மாற்றுவது

கிராங்க் பின்னும் போய்விட்டது என்றால் கணக்கு மாறுகிறது. பிஸ்டன் செட், ராடு, கிராங்க், இரண்டு பக்கப் பேரிங், ஆயில் சீல், கேஸ்கெட், ரீபோர் கூலி, மெக்கானிக் கூலி என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். சாதாரண 7 எச்.பி. பெட்ரோல் இன்ஜின் பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே புதிதாகவே கிடைக்கிறது. கூட்டுத்தொகை புது இன்ஜின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் புதுசுக்குத்தான் போகச் சொல்வேன். அசல் ஹோண்டா இன்ஜின் என்றால் புதிதின் விலை அதைவிட நன்றாகவே கூடுதல். அதற்கு அசல் கிராங்க்கே போட்டு மீட்பது பல நேரம் லாபம்.

‘அண்ணா, இருக்கிற கியர்பாக்ஸ்ல புது இன்ஜின் உட்காருமா?’ என்று காரிமங்கலத்திலிருந்து வந்த ஒரு தம்பி கேட்டார். பெரும்பாலும் உட்காரும். அடிப்பக்க போல்ட் ஓட்டைகள் இந்த வகை இன்ஜின்களில் ஒன்றுபோலவே வருகின்றன. இடிப்பது ஷாஃப்டில்தான். சிலவற்றுக்கு 19.05 மி.மீ., சிலவற்றுக்கு 20 மி.மீ.; கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 19.05 ஷாஃப்டில் 20 மி.மீ. புல்லியை மாட்டினால், இரண்டையும் பிணைக்கிற சாவிக்கட்டை வெட்டுப்பட்டு, ஷாஃப்டும் கெடும். பழைய புல்லியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பணம் கொடுக்கும் முன் அதைப் புது ஷாஃப்டில் மாட்டிப் பாருங்கள்.

மானியத்தில் புது வண்டி

கியர்பாக்ஸிலும் ஆயில் ஒழுகி, கத்தி ஷாஃப்ட் ஆடினால் மட்டும் இதை யோசியுங்கள். வேளாண்மை இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. உழவன் செயலியில் பதிந்து, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், சிறு விவசாயி சான்று ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். அனுமதி வந்த பிறகுதான் வண்டி எடுக்க வேண்டும். முன்பே வாங்கிவிட்டு மானியம் கேட்க முடியாது. உழவு இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் ஒரு உதவி. ஆனால் இதில் காத்திருப்பு இருக்கிறது. களை முட்டி நிற்கிற நேரத்தில் மனு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. அந்த இடைவெளியை வாடகை வண்டியில்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு

மேலே சொன்னது முழுக்க பெட்ரோல் வீடருக்கு. 12, 13 எச்.பி. பவர் டில்லர் வைத்திருப்பவர்கள் புது இன்ஜின் பேச்சே எடுக்க வேண்டாம். கேம்கோ, வி.எஸ்.டி. மாதிரி வண்டிகளில் லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) தனியாகக் கழன்று வரும். பிஸ்டன், லைனர், ரிங் எல்லாம் ஒரே செட்டாகக் கடையில் கிடைக்கும். கிராங்குக்கும் பேரிங் ஷெல் உண்டு. பின் தேய்ந்தால் கிராங்க்கைக் கடைந்து அண்டர்சைஸ் ஷெல் போடலாம். மீட்பதற்கென்றே செய்த இன்ஜின்கள் அவை.

இந்த இரண்டுக்கும் நடுவில் வருபவை காற்றுக் குளிர்ச்சி டீசல் வீடர்கள், 178எஃப், 186எஃப் வகை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் வெள்ளைப்புகை தள்ளிக்கொண்டு கிளம்ப மறுத்தால் முதலில் டீசலைத் தூவுகிற நாசிலைக் கழற்றிச் சோதனை பெஞ்சில் பாருங்கள். பொடிப்பொடியாகத் தூவாமல் சொட்டினால் அதுவே காரணமாக இருக்கலாம். நாசில் நன்றாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் அமுக்கம் குறைந்திருக்கலாம். அப்போது பெட்ரோலுக்குச் சொன்ன அதே அளவுச் சோதனைதான். டீசல் இன்ஜின் புதிதின் விலை அதிகம் என்பதால் ரீபோருக்குச் சாதகமாகவே கணக்கு விழும்.

ரீபோர் முடிந்து வந்ததும்

பட்டறைகளில் கூட்டம் சேர்வது ஆடிப்பட்டத்துக்கு முன்னால். சித்திரை, வைகாசியில் கொடுத்தால் நிதானமாக அளந்து செய்வார்கள். கிளப்பியதும் மெதுவான ஓட்டத்தில் மணிக்கணக்காக விட்டுவைக்கிற பழக்கம் வேண்டாம். ரிங் சிலிண்டரோடு ஒட்டிப் பழகுவதற்கு ஓரளவு சுமை வேண்டும். இளகின மண்ணில், ஆழம் குறைத்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள், நடுநடுவே ஆறவிடுங்கள். முதல் சில மணி நேரத்திலேயே ஆயிலை வடித்துவிடுங்கள். வடிந்த ஆயிலில் வெள்ளி நிறப் பொடி மினுங்குவது அந்த ஒரு முறைக்குச் சகஜம். அடுத்தது 20 மணி நேரத்தில், அதன்பின் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை. நம் ஊர்த் தூசிக்கு 50 மணி நேரத்திலேயே மாற்றச் சொல்வேன்.